முழுநேரம்

திருப்பூரில் நேரத்தை அளக்கும் அலகு ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போய் மாலை ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. சரக்கு கப்பலுக்குப் போகவேண்டிய வாரங்களில் நள்ளிரவு தாண்டி நின்றால் இரண்டு. சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடை வாசலில் இருவர் சந்தித்துக்கொண்டால் "இந்த வாரம் எத்தனை?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். எட்டு, ஒன்பது என்று பதில் வரும். நாள் என்ற சொல்லுக்கு இங்கே அதிகம் வேலை இல்லை.

31 வருடங்களாக நானும் இந்தக் கணக்கில்தான் வாழ்ந்து வருகிறேன். ஆகவே சில மாதங்களுக்கு முன் எங்கள் சபையின் மூப்பர்கள் வீட்டுக்கு வந்து, "படிப்பும் முடிந்துவிட்டது, இனிமேல் முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடுங்கள்" என்று சொன்னபோது என் மனத்தில் முதலில் எழுந்த கேள்வி, முழுநேரம் என்றால் எத்தனை ஷிப்ட் என்பதுதான். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதை எழுதிப் பார்த்தாவது தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

என் தாத்தா தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உபதேசியாராக இருந்தார். தென்மாவட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு இந்தச் சொல் விளக்கம் இல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உபதேசியார் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். பகலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுப்பார். மாலையில் கோயில் மணி அடித்து ஜெபம் நடத்துவார். நோயாளி வீட்டுக்குப் போவார், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். மாதத்துக்கு ஒருமுறை ஐயர் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மீதி நாட்களில் சபை என்பது தாத்தாதான். சிறுவனாக இருந்தபோது எனக்கு ஐயரின் வெள்ளை அங்கிதான் கண்ணில் நின்றது. தாத்தாவின் அழுக்கேறிய துண்டு நிற்கவில்லை.

பிளஸ் டூ முடித்த சமயத்தில் நானும் ஐயராக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியைப் பற்றி எங்கள் ஊரில் பெரிய மரியாதையோடு பேசுவார்கள். அதன் வாசலை ஒருமுறை பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தது உண்டு. அதற்கு முதலில் ஒரு பட்டப்படிப்பு வேண்டும், சபையின் பரிந்துரை வேண்டும், வீட்டில் என் சம்பாத்தியம் இல்லாமல் சில வருடம் ஓட வேண்டும். உப்பளத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு அப்போது இருமல் முற்றியிருந்தது. 1994-ல், 19 வயதில், பக்கத்து வீட்டு அண்ணாச்சியோடு திருப்பூருக்கு பஸ் ஏறினேன். முதலில் டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து பீஸ் அடுக்கும் கைமடி வேலை. பிறகு கட்டிங் பகுதிக்கு மாறினேன். இப்போது கட்டிங் மாஸ்டர்.

நாங்கள் ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறையில் கூடி ஜெபித்தோம். தூத்துக்குடி, நெல்லை, தேனி, திண்டுக்கல் என்று பிழைக்க வந்தவர்கள்தாம் அதிகம். ஆயருக்கு எங்களையும் சேர்த்து ஐந்து சபைகள். மாதத்துக்கு ஒருமுறைதான் வர முடியும். 2006 முதல் மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் என் பொறுப்பாயிற்று. யோசித்துப் பார்த்தால் தாத்தாவின் துண்டைத்தான் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்காவது மிஷன் பயிற்சி இருந்தது. எனக்கு ஞாயிறு பள்ளியில் கேட்டதும், பழைய விளக்கவுரை ஒன்றில் படித்ததும்தான் மூலதனம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு பாதி சபை ஊருக்குத் திரும்பிப் போனபோதும், பிறகு அவர்கள் ஒவ்வொருவராக வந்தபோதும், அந்த மூலதனத்தை வைத்தே ஒப்பேற்றினேன்.

2016-ல் அது தீர்ந்துபோனது.

எங்கள் கம்பெனியிலேயே செக்கிங் பகுதியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. தேனிப் பக்கம். கணவர் இல்லை. ஒரே மகன், 19 வயது. இரவு ஷிப்ட் முடித்து பைக்கில் வரும்போது அவினாசி சாலையில் லாரி மோதி இறந்துவிட்டான். அடக்கத்தில் நான்தான் பேசினேன். அந்த இடத்தில் என்ன சொல்வது வழக்கமோ அதைச் சொன்னேன். எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றேன். நல்ல பூவைத்தான் தோட்டக்காரர் முதலில் பறிப்பார் என்றேன். அந்த உவமையைப் பல அடக்கங்களில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அக்கா தலையாட்டவில்லை. நிமிர்ந்து பார்த்து, "அப்படின்னா நான் இத்தனை வருஷமா எதுக்குத் தம்பி அவனுக்காக ஜெபம் பண்ணினேன்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த பாட்டைப் பாடச் சொன்னேன்.

அதன்பிறகு அவர் சபைக்கு வரவில்லை. ஆனால் வேலைக்கு வந்தார். ஆகவே தினமும் பார்த்தேன். கட்டிங் மேசையிலிருந்து நிமிர்ந்தால் செக்கிங் வரிசையில் அவருடைய முதுகு தெரியும். டியூப்லைட்டுக்கு அடியில் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பார். நான் சொன்னதையும் அப்படித்தான் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிட்டார் என்று தோன்றும்.

படிக்க வேண்டும் என்ற முடிவு அங்கிருந்துதான் வந்தது. பட்டத்துக்காக அல்ல என்று சொன்னால் முழு உண்மையாகாது. வெள்ளை அங்கியின் ஆசை உள்ளே ஒரு மூலையில் இருந்திருக்கும். ஆனால் 43 வயதில் ஒருவனை மறுபடி மாணவனாக்க அது போதாது. இத்தனை வருடம் செய்ததைத் தப்பாகச் செய்திருக்கிறோமோ என்ற பயம்தான் போதுமானதாக இருந்தது.

வேலையையும் சபையையும் விடாமல் இறையியல் படிக்க ஒரு வழி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. குவாத்தமாலா நாட்டில் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு ஒரு குருமடம் இருந்தது. அங்கே வந்து தங்கிப் படித்த இளைஞர்களில் பெரும்பாலோர் சபைப் பணியில் நிலைக்கவில்லை. கிராமங்களில் சபைகளை உண்மையாகவே தாங்கிக்கொண்டிருந்தவர்கள் நிலமும் குடும்பமும் உள்ள நடுவயதுக்காரர்கள். அவர்களால் குருமடத்துக்கு வர முடியாது. ஆகவே 1963-ல் அந்தக் குருமடம் அவர்களைத் தேடிப் போனது. பாடத்தை அவரவர் வீட்டில் படிக்க வேண்டும். வாரம் ஒருநாள் ஆசிரியர் ஓர் ஊருக்கு வருவார், சுற்றியுள்ளவர்கள் கூடிப் பேசுவார்கள். மீதி நாட்களில் படித்ததைத் தம் சபையில் செய்து பார்க்க வேண்டும். இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் 1971-ல் பெங்களூரை மையமாகக் கொண்டு இதற்கென்றே டாஃப்டீ என்ற அமைப்பு தோன்றியது.

நான் 2018-ல் சேர்ந்த வகுப்பும் அந்த மாதிரியைச் சேர்ந்ததுதான். ஞாயிறு மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை. ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், பள்ளி ஆசிரியை, மளிகைக் கடைக்காரர், நான். ஆசிரியர் ஓய்வுபெற்ற ஆயர், எழுபதைத் தாண்டியவர். வகுப்பில் அவர் சொற்பொழிவு ஆற்ற மாட்டார். வீட்டில் எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்கச் சொல்வார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதை இந்த வாரம் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?"

கஷ்டங்களைப் பட்டியல் போட விருப்பமில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் வரிசையை விட்டு நகரும். மதிய இடைவேளையில் கட்டிங் மேசையிலேயே படிப்பேன். "மாஸ்டர் கலெக்டர் ஆகப் போறாரு" என்று பையன்கள் கேலி செய்வார்கள். பிறகு செராம்பூர்ப் பாடத்திட்டத்தில் வெளிமாணவனாகத் தேர்வு எழுதப் போனபோது என் பக்கத்தில் இருந்த பையனுக்கு என் மகள் வயது. கண்காணிப்பாளர் என்று நினைத்து என்னிடம் கூடுதல் தாள் கேட்டான். சபைச் சரித்திரத் தாளில் முதல்முறை தோற்றேன். அதை மனைவியிடம் இரண்டு நாள் சொல்லவில்லை.

தோற்றதிலும் ஒரு லாபம். அந்தத் தாளை இரண்டுமுறை படிக்க வேண்டியதாயிற்று. செராம்பூர்க் கல்லூரியை 1818-ல் நிறுவிய மூவரும் கைத்தொழிலிலிருந்து வந்தவர்கள் என்பது முதல் தடவை என் கண்ணில் படவில்லை. கேரி செருப்புத் தைத்தவர், தைத்துக்கொண்டே லத்தீனும் கிரேக்கமும் கற்றவர். வார்டு அச்சுத் தொழிலாளி. மார்ஷ்மன் நெசவாளி. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே நம் கடற்கரையில் நடந்ததும் அப்படித்தான். தரங்கம்பாடியில் 1718-ல் திருமுழுக்குப் பெற்ற ஆரோன், 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்ட் சபையில் முதல் இந்தியக் குரு அவர். நடுவே 15 வருடம். அந்தக் காலத்தில் அவர் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் ஊர் ஊராக நடந்தார். அந்த நடைதான் அவருக்குக் கல்லூரி. தஞ்சை மராத்திய மன்னரின் படையில் வீரராக இருந்த ராஜநாயக்கன், சீகன்பால்கு மொழிபெயர்த்து 1714-ல் அச்சிட்ட சுவிசேஷங்களைப் படித்து, பின்பு படையை விட்டு உபதேசியார் ஆனார். முதலில் வேலை, பிறகு படிப்பு, அதன்பிறகு பட்டம் என்ற வரிசை நம் சபைகளுக்குப் புதியதல்ல. நாம்தான் அதை ஏதோ சலுகை வழி என்று நினைக்கத் தொடங்கினோம். தாத்தாவின் துண்டை நான் கவனிக்காமல் விட்டதும் அதே பிழைதான்.

ஆனால் என்னை மாற்றியது சரித்திரத் தாள் அல்ல, யோபுவின் புத்தகம்.

கதை எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்த மனிதரிடம் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். நான் அந்த நண்பர்களின் வாதங்களை நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆசிரியர் கேட்டுவிட்டு, "அந்த மூன்று பேரும் எத்தனை நாள் நல்ல நண்பர்களாக இருந்தார்கள்?" என்றார். புத்தகத்தைப் புரட்டினேன். ஏழு நாள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள். அதன்பிறகு அவர்கள் சொன்னதெல்லாம் மேலோட்டமாகப் பார்த்தால் பக்தியான பேச்சுத்தான். கடவுள் நியாயம் தவற மாட்டார், துன்பத்துக்குக் காரணம் இருக்கும், பணிந்து போ. ஆனால் முடிவில் கடவுள், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியது அந்த நண்பர்கள் அல்லர், தம்மோடு வழக்காடிய யோபுதான் என்கிறார். அந்தப் புத்தகத்தை அதற்கு முன் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அடக்க வீடுகளில் நான் அந்த நண்பர்களின் வசனத்தைப் பேசிக்கொண்டிருந்தேன் என்பது அன்றுவரை உறைக்கவில்லை.

"இதை இந்த வாரம் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?" என்று ஆசிரியர் வழக்கம்போலக் கேட்டார். பதில் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

உடனே போகவும் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ரோலிலிருந்து பிரித்த பின்னல் துணியை அப்படியே வெட்டக் கூடாது. விரித்துப் போட்டுச் சில மணி நேரமாவது விட வேண்டும். சுற்றும்போது ஏறிய இழுவை தளர வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் தைத்த பிறகு அளவு சுருங்கும். நான் தள்ளிப் போட்டதற்கு இந்த விதியைச் சாக்காகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மெஷின்கள் நின்ற திருப்பூரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வகுப்பு போனுக்கு மாறியது, ஞாயிறு ஆராதனை நின்றது. எங்கள் காம்பவுண்டு வீடுகளில் இருந்த ஒடிசாப் பையன்களுக்குக் கஞ்சியும் அரிசியும் கொண்டு போவதுதான் வேலை. அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது, என்னுடையது அவர்களுக்கு அரைகுறை. பிரசங்கம் செய்ய வழியே இல்லை. தட்டைக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பேன். ஒருவன் தன் ஊர்ப் படத்தை போனில் காட்டுவான், பார்ப்பேன். பேசாமல் உட்கார நான் பயிற்சி பெற்றது அந்தப் படிகளில்தான்.

கம்பெனி மறுபடி திறந்த பிறகு ஒருநாள் டீ நேரத்தில் என் டம்ளரை எடுத்துக்கொண்டு செக்கிங் பகுதிக்குப் போய் அக்காவின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. பத்து நிமிடத்தில் மணி அடித்தது. மறுநாளும் போனேன். இப்படி மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள், "அக்கா, தம்பி அடக்கத்துல நான் சொன்னது தப்பு" என்றேன்.

கையில் இருந்த பீஸை மடித்து வைத்துவிட்டு, "அது தெரிய இத்தனை வருஷம் ஆச்சாக்கும்?" என்றார்.

பிறகு மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவனுக்குப் பிடித்த நடிகர், வாங்கித் தராமல் போன செருப்பு, கடைசி நாள் காலையில் போட்ட சண்டை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மனம் ஆறிவிட்டது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. சபைக்கும் திரும்பி வந்துவிடவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தார். கடைசி வரிசையில் இருந்துவிட்டு, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போனார்.

படிப்பு 2024-ல் முடிந்தது. மூப்பர்கள் வந்து கேட்டதும் அதன் தொடர்ச்சிதான். எனக்குக் கம்பெனியில் மாதம் 27,000 ரூபாய் வருகிறது. சபையால் 13,000 கொடுக்க முடியும். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் மூன்றாம் வருடம். கணக்கு இவ்வளவுதான். மனைவி கேட்டுவிட்டு, "காசை எப்படியாவது சமாளிச்சுக்கலாம். நீங்க எந்நேரமும் ஐயராவே இருந்தா வீட்டுல யாரு மனுஷனா இருக்கிறது?" என்றாள். வேடிக்கையாகச் சொன்னாள். அதில் வேடிக்கை பாதிதான்.

வேலையோடு ஊழியம் செய்பவர்கள் எல்லோரும் பவுலின் பெயரைச் சொல்வோம். கூடாரம் தைத்துப் பிழைத்தவர். கொரிந்துவில் அவர் வேலைக்குச் சேர்ந்த இடம் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியின் வீடு. ரோமாபுரியிலிருந்து பேரரசன் கிளவுதியு யூதர்களை வெளியேற்றியதால் தொழிலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரத்தில் மூன்றாம் வசனத்தோடு நாங்கள் நிறுத்திவிடுவோம். ஐந்தாம் வசனத்தில் மக்கெதோனியாவிலிருந்து நண்பர்கள் வருகிறார்கள், பவுல் பிரசங்கத்திலேயே முழுமையாக ஈடுபடுகிறார். அவர்கள் கொண்டு வந்த உதவியால் தையலை நிறுத்த முடிந்தது என்று உரையாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். அதாவது பவுலும் முழுநேரத்துக்கு மாறியிருக்கிறார். பிறகு 20-ஆம் அதிகாரத்தில் எபேசு மூப்பர்களிடம் விடைபெறும்போது தம் கைகளைக் காட்டி, இவையே எனக்கும் என்னுடன் இருந்தவர்களுக்கும் உழைத்தன என்கிறார். ஆக, நிறுத்திய தையலை அவர் மறுபடி எடுத்திருக்கிறார். முழுநேரம் என்பது ஒருமுறை கடந்தால் பின்னால் பூட்டிக்கொள்ளும் வாசல் அல்ல என்று அதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

இருந்தாலும் முடிவெடுக்கும் முன் அக்காவிடம் சொன்னேன். அவரிடம் ஏன் சொல்லத் தோன்றியது என்று தெரியவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "நல்லதுதான் தம்பி. ஆனா நீங்க போயிட்டா இந்த ஸ்டூல்ல யாரு வந்து உக்காருவா?" என்றார்.

மூப்பர்களிடம் சம்மதம் சொல்லிவிட்டேன், ஒரு நிபந்தனையோடு. மாதச் சம்பள வேலையை விடுகிறேன். ஆனால் வாரத்தில் மூன்று நாள் காலையில் பீஸ் ரேட்டுக்கு கட்டிங் எடுப்பேன். கம்பெனியும் ஒப்புக்கொண்டது. மூப்பர்களில் ஒருவருக்கு மனத்தாங்கல். "அப்போ இது முழுநேரம் இல்லையே?" என்றார். அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. தாத்தாவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்த நேரத்தையும் கோயில் மணி அடித்த நேரத்தையும் அவரால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்குமா என்று தெரியவில்லை.

வருகிற மாதம் முதல் புதிய ஏற்பாடு. அந்த மூன்று நாட்களில் பத்தரை மணி டீ நேரம் வந்துவிடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். வருகிறது.